சுட்டி கேட்டு ஒரு மடல்

போன மாசம் எனக்கு ஒரு மின்மடல் வந்தது. ஆங்கிலத்தில்தான். வீட்டுச் சீரமைப்பு பற்றிய என்னுடைய "அருமையான வழிகாட்டியை" ரசித்துப் படித்தாராம். அதே விஷயத்தில் அவரும் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறாராம். என் பக்கத்திலிருந்து அதற்கு ஒரு சுட்டி கொடுத்தால் என் வாசகர்கள் ரொம்பப் பயனடைவார்களாம்.

நான் எப்போடா வீட்டுச் சீரமைப்பு பற்றி எழுதினேன் என்று யோசித்துக்கொண்டே கீழே பார்த்தால், அவர் சொல்வது 2008-ல் நான் எழுதின ஒரு பதிவை. எங்க ஊர்ல ஆத்தோரமா இடிஞ்சு கிடக்கிற கல் மண்டபத்தைப் பற்றியது! "தளம் பெயர்ந்து, தூண் சாய்ந்து, பராமரிப்பு இல்லாமல்" என்று புலம்பியிருந்தேன். ஏதோ ஒரு மென்பொருள் அதை மொழிபெயர்த்துப் பார்த்து, இவன் தரை ஓடு வாங்கும் ஆசாமி என்று முடிவு கட்டிவிட்டது. அவர் சுட்டி கேட்டது ஒரு டைல்ஸ் வியாபாரிக்கு.

மூணாம் நாள் இன்னொரு மடல்: "என் முந்தைய மடலைப் பார்த்தீர்களா?" ஏழாம் நாள் மூணாவது. கடன்காரன்கூட இவ்வளவு ஒழுங்காக வரமாட்டான்.

உங்களில் பலருக்கும் இது வந்திருக்கும். படிக்காமலே அழித்திருப்பீர்கள். நானும் அப்படித்தான். ஆனா இந்தத் தடவை ஒரு குறுகுறுப்பு. இந்த மண்டபப் பதிவுக்கு இதுவரை எத்தனை மடல் வந்திருக்கு என்று பெட்டியில் தேடினேன். நாற்பதுக்கும் மேல். அதில் ஒரே ஒரு மடல் என்னைத் தூங்கவிடாமல் செய்துவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், முன்பின் தெரியாத ஒருத்தருக்குக் கடுதாசி போட்டு "எனக்கு ஒரு சுட்டி கொடுங்க" என்று கேட்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

கேட்காமல் யாருக்கும் தெரியாது

டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவா பக்கத்தில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் வலையை உருவாக்கியபோது ஒரு முக்கியமான முடிவெடுத்தார். சுட்டி ஒருவழிப்பாதை. நான் உங்களைச் சுட்ட உங்கள் அனுமதி வேண்டாம். சுட்டியது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. இதற்கு முன்பே டெட் நெல்சன் கனவு கண்ட ஸானடு திட்டத்தில் சுட்டி இருவழி. இரண்டு முனைக்கும் விஷயம் தெரியும். அது கட்டி முடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. டிம்முடையது எளிமையானது, அதனால் ஜெயித்தது.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. நீங்கள் எவ்வளவு நல்ல பக்கம் போட்டாலும், வேறு யாராவது அதைக் கை காட்டாதவரை அந்தப் பக்கம் உலகத்துக்கு இல்லை. இப்போது மாதிரி தேடுபொறியும் கிடையாது. அப்போ என்ன செய்வது? கடுதாசிதான்.

அமெரிக்காவின் முதல் வலை வழங்கி 1991 டிசம்பரில் ஸ்டான்ஃபோர்டின் ஸ்லாக் ஆய்வகத்தில் வந்தது. அந்தக் காலத்தில் புதிதாக வழங்கி போடுகிறவர்கள் செர்னுக்கு ஒரு மடல் போடுவார்கள். செர்னின் பட்டியலில் கையால் ஒரு வரி சேர்ப்பார்கள். 1992 நவம்பரில் அந்தப் பட்டியலில் நம்பகமாக ஓடிக்கொண்டிருந்தவை மொத்தமே 26. 1993 அக்டோபரில் 200-ஐத் தாண்டிவிட்டது. அதே 1993 ஜூனில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் என்.சி.எஸ்.ஏ. மையம், அதாவது மொசைக் உலாவியைக் கொடுத்தவர்கள், "புதுசு என்ன" என்ற பக்கத்தை ஆரம்பித்தார்கள். புதுத் தளம் தொடங்கினால் அவர்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டியது. அவர்கள் பட்டியலில் போடுவார்கள். மூணு வருஷம், 1996 ஜூன் வரை அது ஓடியது.

இதை ஏன் விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், அப்போது சுட்டி கேட்டு மடல் போடுவது தொந்தரவே கிடையாது. பட்டியல் வைத்திருப்பவருக்கு அது செய்தி. "புதுசா ஒண்ணு வந்திருக்கு" என்று யாராவது சொன்னால்தானே அவர் பட்டியல் புதுசாக இருக்கும்? கேட்கிறவருக்கும் லாபம், கொடுக்கிறவருக்கும் லாபம், படிக்கிறவருக்கும் லாபம். ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் 1994-ல் ஆரம்பித்த பட்டியல் யாஹூவாக வளர்ந்ததும் இதே வழியில்தான். மனுஷங்க பார்த்து, மனுஷங்க சேர்த்தது.

இதையே தொழிலாகச் செய்தவர்

இந்த வேலையைக் காசு வாங்கிக்கொண்டு செய்யலாம் என்று முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர் எரிக் வார்டு. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்துக்காரர். 1994-ல் தொடங்கினார். புதுத் தளங்களை அறிமுகப்படுத்தி, அவற்றுக்குப் பொருத்தமான இடங்களிலிருந்து சுட்டி வாங்கித் தருவதுதான் தொழில். அவருடைய ஆரம்ப கால வாடிக்கையாளர்களில் ஒன்று, 1995 ஜூலையில் கடை திறந்த ஒரு புத்தக வியாபாரம். பெயர் அமேசான்.

கவனியுங்க, கூகிள் என்று ஒன்று பிறப்பதற்கு முந்தைய கதை இது. சுட்டிக்குத் தேடுபொறியில் மதிப்பு என்ற பேச்சே அப்போது கிடையாது. அவர் சுட்டி கேட்டது, அந்த வழியாக ஆட்கள் நடந்து வருவார்கள் என்பதற்காக மட்டும். அதனால் அவர் வழி எளிமையானது. பறவை பற்றிய தளமா? பறவை விரும்பிகளுக்காகப் பட்டியல் வைத்திருக்கும் ஆட்களைத் தேடு. அவர்கள் பக்கத்தைப் படி. யார் அதைப் பார்த்துக்கொள்கிறார் என்று கண்டுபிடி. அவருக்குத் தனியாக ஒரு மடல் எழுது. பொருந்தாத இடத்தில் கேட்காதே. ஊருக்கே ஒரே நகலை அனுப்பாதே.

பின்னாளில் இந்தத் துறைக்காரர்கள் அவரைச் செல்லமாக "லிங்க் மோசஸ்" என்று அழைத்தார்கள். 2017 அக்டோபரில் காலமாகும்வரை ஏறக்குறைய இதே பாட்டைத்தான் பாடினார். நடுவில் உலகம் வேறு பாட்டுக்கு மாறிவிட்டிருந்தது.

சுட்டி ஓட்டாக மாறிய கதை

மாற்றம் வந்தது 1998-ல். செர்கே பிரின், லாரி பேஜ் இருவரும் ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடந்த வலை மாநாட்டில் தங்கள் தேடுபொறி பற்றிய கட்டுரையைக் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய வடிவத்தின் பெயர் பேக்ரப். ஒரு பக்கத்தைப் பின்னாலிருந்து யார் யார் சுட்டுகிறார்கள் என்று பார்ப்பதால் அந்தப் பெயர்.

யோசனை அறிவியல் ஆய்வுலகத்திலிருந்து வந்தது. ஒரு ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை வைத்து அதன் செல்வாக்கை அளக்கலாம் என்று யூஜின் கார்ஃபீல்டு 1955-லேயே எழுதியிருந்தார். 1960-களில் அதற்கான அட்டவணையையும் வெளியிட்டார். பேஜ் அதை வலைக்குக் கொண்டு வந்தார். ஒவ்வொரு சுட்டியும் ஒரு ஓட்டு. ஆனால் எல்லா ஓட்டும் சமம் இல்லை. செல்வாக்குள்ள பக்கம் போடும் ஓட்டுக்கு மதிப்பு அதிகம். அந்தப் பக்கம் நூறு பேரைச் சுட்டினால் மதிப்பு நூறாகப் பிரியும். ஒரே ஒருவரைச் சுட்டினால் முழுசும் அவருக்கே. இதுதான் பேஜ்ரேங்க்.

அற்புதமான யோசனை, சந்தேகமே இல்லை. அதுவரை வந்த தேடுபொறிகள் பக்கத்தில் என்ன எழுதியிருக்கு என்று பார்த்தன. இவர்கள் மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஒருத்தர் தன்னைத்தானே புகழ்ந்துகொள்வதைவிட ஊர் சொல்வது நம்பகம் அல்லவா? யாரும் காசுக்காகச் சுட்டி கொடுக்காத காலத்து வலையைப் பார்த்து உருவாக்கியது அது. எந்த நாணயத்தை நம்பி அளந்தார்களோ, அளக்க ஆரம்பித்ததுமே அந்த நாணயத்துக்குக் கள்ள அச்சு தயாராகிவிட்டது.

2000 டிசம்பரில் கூகிள் ஒரு கருவிப்பட்டையைக் கொடுத்தது. எந்தப் பக்கத்துக்குப் போனாலும் அதன் பேஜ்ரேங்க் எவ்வளவு என்று ஒரு பச்சைக் கோடு காட்டும். பூஜ்யத்திலிருந்து பத்து வரை. நம்மில் எத்தனை பேர் அந்தப் பச்சைக் கோட்டை வெட்கமில்லாமல் தினமும் பார்த்திருப்போம்! எனக்கு மூணு இருந்தது. நண்பர் ஒருத்தருக்கு நாலு. ஒரு வாரம் பேசவில்லை :-)

தராசு எல்லார் கையிலும் வந்ததும் விலையும் வந்துவிட்டது. நாலு உள்ள பக்கத்தின் சுட்டிக்கு ஒரு ரேட், ஆறு உள்ளதற்கு ஒரு ரேட். 2002 அக்டோபரில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் சர்ச்கிங் என்ற நிறுவனம் கூகிள்மேல் வழக்கே போட்டது. பேஜ்ரேங்க் அடிப்படையில் சுட்டி விளம்பரங்களை விற்றுக்கொடுக்கும் வியாபாரத்தில் இருந்தவர்கள். தங்கள் மதிப்பைக் கூகிள் குறைத்துவிட்டது என்பது புகார். 2003 மே மாதம் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பேஜ்ரேங்க் என்பது கூகிளின் கருத்து, கருத்துச் சொல்ல அவர்களுக்குச் சுதந்திரம் உண்டு என்பது தீர்ப்பின் சாரம்.

மொய் நோட்டுக் காலம்

மடல்களின் குணம் மாறியது இந்தக் காலத்தில்தான். "உங்க வாசகருக்குப் பயன்படும்" என்பது பேச்சுக்கு மட்டும். உள்ளே இருந்தது மொய்க் கணக்கு. "நான் ஏற்கெனவே உங்களுக்குச் சுட்டி கொடுத்துட்டேன், இதோ பாருங்க. நீங்களும் ஒண்ணு கொடுத்துடுங்க. ஏழு நாளில் வராவிட்டால் எடுத்துவிடுவேன்." எங்க ஊர்ல கல்யாண வீட்டு மொய் நோட்டைப் புரட்டி, இன்னார் நமக்கு எவ்வளவு எழுதினார் என்று பார்த்துத்தான் அவர் வீட்டு விசேஷத்துக்கு எழுதுவார்கள். அதேதான். தளத்துக்குத் தளம் "இணைப்புகள்" என்று ஒரு பக்கம். உள்ளே போனால் பல் மருத்துவர், கார் கடன், பூச்செண்டு, பங்களா வாடகை எல்லாம் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கும்.

கேட்காத மடலை மொத்தமாக அனுப்பும் வித்தை இவர்கள் கண்டுபிடித்தது இல்லை. 1978 மே 3-ல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் கேரி துர்க், தங்கள் புதுக் கணினியைக் காட்டும் நிகழ்ச்சிக்கு அழைத்து அர்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். முகவரிகளைக் கையால் தட்டினார்கள். தலைப்பகுதி கொள்ளாமல் மிச்ச முகவரிகள் மடலின் உள்ளே வழிந்துவிட்டன. அதற்கே பெரிய கண்டனம் எழுந்தது. அமெரிக்கா எரிதத்துக்கு எதிராகத் தேசிய அளவில் சட்டம் கொண்டுவந்தது 2003 டிசம்பரில்தான். அதுவும் கேட்காத வியாபார மடலை ஒரேயடியாகத் தடுக்கவில்லை. பொய்த் தலைப்பு கூடாது, அஞ்சல் முகவரி வேண்டும், வேண்டாம் என்பவருக்கு விலக வழி வேண்டும். அவ்வளவுதான்.

2005 ஜனவரியில் கூகிள் ஒரு தடுப்பு கொண்டுவந்தது. சுட்டியோடு "நோஃபாலோ" என்று ஒரு குறிப்பைச் சேர்த்தால் அந்தச் சுட்டியை ஓட்டாக எண்ண மாட்டோம் என்றார்கள். யாஹூவும் எம்.எஸ்.என்.னும் கூடவே கைகோத்தன. நல்ல நோக்கம்தான். ஆனால் அன்றிலிருந்து மடல்களில் "நோஃபாலோ இல்லாத சுட்டி வேண்டும்" என்று ஒரு வரி கூடுதலாகச் சேர்ந்தது. அந்த ஒரு வரியில் குட்டு வெளிப்பட்டுவிட்டது பாருங்க. வாசகர் சொடுக்கிப் போனால் போதும் என்றால் இந்தக் குறிப்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

இங்கே என் பாவத்தையும் ஒப்புக்கொள்கிறேன். 2009-ல் ஒரு சுற்றுலா ஏஜென்சியின் சுட்டியைப் பக்கவாட்டில் போட்டேன். வருஷத்துக்கு இருபது டாலர். வலைமனைச் செலவுக்காச்சு என்று நினைத்தேன். அவர்கள் வழியாக எந்த ஊருக்கும் நான் போனது கிடையாது. அவர்கள் நல்லவர்களா என்றுகூடத் தெரியாது. ஆனா என் வாசகரிடம் "இவங்க நல்லவங்க" என்று கை காட்டிவிட்டேன்.

எடுத்துடுங்க, ப்ளீஸ்

2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை வந்தது. ஜே.சி.பென்னி என்ற பெரிய அமெரிக்கக் கடை, உடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் கூகிளில் முதலில் வந்து நின்றது எப்படி என்று ஆராய்ந்தார்கள். சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அந்தக் கடைக்குச் சுட்டிகள். எங்களுக்குத் தெரியாது என்றது கடை; தேடுபொறி வேலை பார்த்த நிறுவனத்தை நீக்கியது. கூகிள் அவர்களை அடியில் தள்ளியது.

2012 ஏப்ரல் 24. பென்குயின். சுட்டிகளைச் செயற்கையாகச் சேர்த்த தளங்களைக் குறிவைத்த மாற்றம். ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவீதம் பாதிக்கப்படும் என்று கூகிளே சொன்னது. எண்ணிக்கை சின்னதாகத் தெரியலாம். அதிலே விழுந்தவர்களுக்குக் கதை கந்தல்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. பத்து வருஷமாகச் சுட்டி கொடு என்று மடல் போட்டவர்கள், அதே ஆட்களுக்குச் "சுட்டியை எடு" என்று மடல் போட ஆரம்பித்தார்கள்! எனக்கும் வந்தது. அந்த இருபது டாலர்காரரிடமிருந்துதான். முதல் மடல் பவ்யமாக. இரண்டாவது கொஞ்சம் கண்டிப்பாக. மூணாவதில் வக்கீல் என்ற வார்த்தை வந்துவிட்டது. கெஞ்சிப் போட்ட சுட்டி, மிரட்டி எடுத்த சுட்டி. அக்டோபரில் கூகிளே, வேண்டாத சுட்டிகளைக் கணக்கில் எடுக்காதே என்று சொல்ல ஒரு கருவி கொடுத்த பிறகுதான் அந்த மழை கொஞ்சம் ஓய்ந்தது.

அதற்கப்புறம் வேறு வேறு வேஷங்கள். "உங்க தளத்தில் விருந்தினர் பதிவு எழுதித் தரேன்" என்பது ஒன்று. 2014 ஜனவரியில் கூகிளின் மேட் கட்ஸ், சுட்டிக்காக விருந்தினர் பதிவு எழுதுவது அழுகிப்போன பழக்கம், நிறுத்திக்கொள்ளுங்கள் என்று வெளிப்படையாகவே எழுதினார். "உங்க பக்கத்தில் ஒரு சுட்டி செத்துப்போச்சு, அதுக்குப் பதிலா எங்களுடையதைப் போடுங்க" என்பது இன்னொன்று. இது பரவாயில்லை, நமக்கும் ஒரு உபகாரம்.

2013-ல் பிரையன் டீன் என்பவர், ஏற்கெனவே நிறைய சுட்டி வாங்கிய கட்டுரையைப் பார்த்து அதைவிடச் சிறப்பாக ஒன்று எழுதி, அதைச் சுட்டியவர்களுக்கெல்லாம் மடல் போடு என்று சொன்னார். அவரே சொன்ன கணக்கு: 160 மடல், 17 சுட்டி. நூற்றுக்குப் பத்துப் பதினொன்று. உழைத்துச் செய்தது, ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. ஆனால் படித்தவர்களில் பலர் உழைப்பை விட்டுவிட்டு மடலை மட்டும் நகலெடுத்தார்கள். 160 மடலுக்கு 17 என்றால் 16,000 மடலுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். மடல் அனுப்பவும், மூணாம் நாள் ஞாபகப்படுத்தவும், ஏழாம் நாள் மறுபடி தட்டவும் மென்பொருள் வந்தது. 2022-க்குப் பிறகு மடலை எழுதவே இயந்திரம் வந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் ஜிமெயில், நாளுக்கு 5,000 மடலுக்குமேல் அனுப்புகிறவர்களுக்குக் கட்டுப்பாடு போட்டது. எரிதம் என்று பெறுபவர்கள் குறிப்பது 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்பது அதில் ஒன்று. மண்டபத்தை வீட்டுச் சீரமைப்பாக்கிய அந்த மடல் அதையெல்லாம் தாண்டித்தான் வந்து சேர்ந்தது.

அந்த ஒரு மடல்

இப்போ அந்த மடலுக்கு வருகிறேன். தேதி 2008 டிசம்பர். தலைப்பு ஆங்கிலத்தில், "ரிக்வெஸ்ட் ஃபார் லிங்க்". திறக்கவே இல்லை. அப்போது வாரத்துக்கு நாலைந்து சுட்டிப் பிச்சை வந்துகொண்டிருந்தது. இதுவும் ஒண்ணு என்று விட்டிருக்கிறேன். பதினேழு வருஷத்துக்கும் மேல் கழித்துப் போன மாசம்தான் திறந்தேன்.

உள்ளே தமிழ். எழுதியவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், பக்கத்து ஊர்க்காரர். "தம்பி, தங்கள் கட்டுரை படித்தேன். மகிழ்ச்சி. மண்டபம் சோழர் காலம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நாயக்கர் காலம். தென்கிழக்குத் தூணில், தரையை ஒட்டி, மண் மூடிய இடத்தில் எழுத்து இருக்கிறது. நான் படி எடுத்து வைத்திருக்கிறேன். என் பக்கத்தில் போட்டிருக்கிறேன். தங்கள் கட்டுரையிலிருந்து வழி காட்டினால் தேடி வருகிறவர்களுக்கு உதவும். சிரமத்துக்கு மன்னிக்கவும்." கீழே ஜியோசிட்டீஸ் முகவரி.

ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டுவிட்டது. இணைய ஆவணக் காப்பகத்தில் தேடினேன். நிறையப் பக்கங்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். இவருடையது அதில் இல்லை. அவருக்குப் பதில் எழுதினேன். முகவரி இல்லை என்று திரும்பி வந்துவிட்டது.

அவருடைய மடலை மறுபடி படித்துப் பாருங்கள். எரிக் வார்டு சொன்ன எல்லாமே அதில் இருக்கிறது. பதிவைப் படித்திருக்கிறார். ஆளைத் தேடி எழுதியிருக்கிறார். பொருந்துகிற இடத்தில் கேட்டிருக்கிறார். சுட்டி அவருக்குத் தேவைப்பட்டதைவிட என் பதிவுக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது. பதினேழு வருஷமாகத் தப்பைச் சொல்லிக்கொண்டு நின்றது என் பதிவுதானே! நாற்பது பொய்க் கடுதாசி என் நேரத்தைத் தின்றதுகூடப் பெரிசில்லை; நிஜக் கடுதாசியையும் அதே கண்ணால் பார்க்க வைத்துவிட்டது. அதுதான் வயிற்றெரிச்சல்.

போன ஞாயிறு ஊருக்குப் போய் அந்தத் தூணைப் பார்த்தேன். தென்கிழக்கு மூலையில் இப்போது சிமெண்ட் பூசிவிட்டார்கள். எழுத்து தெரியவில்லை. பதிவில் "சோழர் காலம்" என்ற இடத்தில் ஒரு குறிப்பு சேர்த்திருக்கிறேன்: இது தவறு என்று ஒரு ஆசிரியர் எழுதியிருந்தார், இன்ன தூணில் எழுத்து இருந்தது, அவர் படி எடுத்து வைத்திருந்தார் என்று. சுட்ட வேண்டிய இடத்தில் சுட்ட ஒன்றும் இல்லை. அவர் மடலின் வரிகளையே போட்டிருக்கிறேன்.

மக்களே, உங்க பெட்டியிலும் பழைய மடல்கள் கிடக்கும். ஒரு மழை நாளில் உட்கார்ந்து பாருங்க. தலைப்பைப் பார்த்துத் தள்ளிவிட்டதில் ஒண்ணாவது உங்களைத் "தம்பி" என்றோ "அம்மா" என்றோ கூப்பிட்டிருக்கும். எனக்கு யாராவது எழுதுவதாக இருந்தால், தலைப்பைத் தமிழில் வையுங்க. என் பதிவில் எந்த வரி தப்பு என்று முதல் வரியிலேயே சொல்லிடுங்க. கட்டாயம் திறப்பேன்.

டைல்ஸ்காரருக்கு நான் பதில் போடவில்லை. நாலாவது மடல் நேற்று வந்தது.